மூன்றாம் வாங்கு

புலம்பெயர்ந்தோர் ஞாயிறன்று ஒடாஹுஹு கத்தோலிக்கக் கோவிலில் மன்றாட்டுகளைப் பல பாஷைகளில் வாசிப்பார்கள். தமிழ் மன்றாட்டைப் பிலிப்பைன்ஸ் நெனிதாவும், அவருடைய தாய்மொழியான தகாலோக்கில் உள்ளதை மன்னார் அருளப்புவும் மாற்றி வாசிப்பது எட்டு வருஷ வழக்கம். இந்த மே மாதம் நெனிதா வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஊருக்கே போய்விட்டார். "இனி எங்கள் ஆளே வாசிக்கட்டும்" என்றார்கள் கோவிலின் பிலிப்பைன்ஸ் சனங்கள். "இந்த முறை அருள்தான். தடுமாறினால் பிறகு உங்கள் இஷ்டம்" என்று நெனிதா ஃபோனில் சொல்லிவிட்டார்.

அருளப்பு, நெனிதா முன்பு எழுதித் தந்த பழைய அட்டைத் துண்டுகளை வீட்டில் எடுத்து மேசையில் பரப்பினார். ஈஸ்ட் டாமாக்கி அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவர்கள் இருவருக்கும் ஒரே வேலைமேசை. அருளப்பு கோவிலில் முதன்முதல் இங்கிலீஷ் வாசகம் வாசித்த மறுநாள், சாப்பாட்டு நேரத்தில் நெனிதா கேட்டார்: "எல்லா அசையையும் ஒரே மாதிரிக் குத்துகிறாயே, நீ என்ன தையல் மெஷினா?" கழிவு அட்டையில் 'கம்யூனிட்டி' என்று எழுதி, 'யூ'வுக்குக் கீழே சிவப்புக் கோடு இழுத்தார். "இதில் ஏறி நில். மற்றதைத் தாண்டிப் போ."

பிறகு தகாலோக். வீட்டைச் சொல்லும் 'தஹானன்' நடுவில் அழுந்தும். சகோதரத்தைச் சொல்லும் 'கபதித்' கடைசியில்.

"ஏன் அக்கா, இதுக்கு நடுவில, அதுக்குக் கடைசியில?"

"எனக்கென்ன தெரியும்? அம்மா அப்படித்தான் சொன்னாள்."

அருளப்பு வாசிக்கும் ஞாயிறுகளில் நெனிதா மூன்றாம் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, அழுத்தம் விழும் இடமெல்லாம் தலையாட்டுவார். அருளப்பு தாளைப் பார்த்ததைவிட அந்தத் தலையைப் பார்த்ததுதான் கூட.

இந்த முறை ஒரு கிழமையாகக் குசினியில் தனிப் பாடம். "இஞ்சேருங்கோ, கறி அடிப்பிடிக்குது. உங்கட கபதித்தைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ" என்றாள் மனைவி எமிலி.

ஞாயிறு வந்தது. முதல் வரி சரியாகப் போனது. பழக்கதோஷத்தில் மூன்றாம் வாங்கைப் பார்த்தார். நெனிதாவின் இடத்தில் யாருடையதோ கைப்பை. நாக்கு ஒட்டிக்கொண்டது. தூணில் நேரலைக் கமராவின் சிவப்பு வெளிச்சம். அந்தப் பக்கம், பிலிப்பைன்ஸில், விடியப்புறம் எழும்பி நெனிதா அக்கா பார்த்துக்கொண்டிருப்பார். பிலிப்பைன்ஸ் சனங்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அப்போது பின்வரிசை வாங்கிலிருந்து எமிலி எழும்பி வந்து, கைப்பையைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் இருந்தாள். தலையை ஆட்டத் தொடங்கினாள். தகாலோக்கில் ஒரு சொல்லும் தெரியாது. உரலில் மா இடிப்பதுபோல, எல்லா இடத்திலும் ஆட்டினாள். அருளப்புவுக்குச் சிரிப்பு முட்டியது. நாக்கு விட்டுக்கொடுத்தது. தஹானனில் நடுவிலும் கபதித்தில் கடைசியிலும் ஏறி நின்று, வாசித்து முடித்தார்.

கார் நிறுத்துமிடத்தில் ஃபோனில் நெனிதாவின் குரல் வந்தது: "அடுத்த வருஷமும் நீதான், எங்கள் சனங்களிடம் சொல்லிவிட்டேன். ஆனால் என் இடத்தில் யார் அது, எமிலியா? ஒரு ஆட்டும் சரியில்லை!"

"அக்கா என்னவாம்?" என்றாள் எமிலி.

"நீ ஆட்டினது முழுக்கப் பிழையாம்."

"பிழையெண்டா, அதைப் பாத்து நீங்கள் எப்பிடி வாசிச்சு முடிச்சனீங்கள்?"