பானைக்குள் மூடிய விளக்குகள்

வாடியில் விளக்குக்குக் காவல் நான்தான். யாரும் என்னை நியமிக்கவில்லை. என் வாய்க்குப் பயந்து விட்டுவிட்டார்கள். பொத்துவிலுக்குத் தெற்கே, எங்கள் சாய்ந்தமருதுக்காரர் மீன் பருவத்துக்கு வந்து ஓலைக் குடிசை போட்டுத் தங்கும் கரை அது. முன்னால் கடலுக்குள் இரண்டு பாறைத் தொடர்கள். நடுவில் ஒரு தோணி நுழையும் அளவுக்கு ஒரு வாய்.

இருட்டில் அந்த வாய்க்குள் வருவதற்குக் கண்தான் வேண்டும். இரண்டு பக்கமும் பாறையில் அலை உடையும் வெள்ளையைப் பார்த்துத்தான் சுக்கான் பிடிப்பவன் தோணியை நேராக வைத்திருப்பான். இரவெல்லாம் இருளில் பழகிய கண்ணில் ஒரு தரம் வெளிச்சம் பட்டால் போச்சு. கலிமா சொல்லி முடிக்கும் நேரத்துக்கு அவன் குருடன். அதனால் தோணி வரும் நேரத்தில் எல்லா விளக்கையும் பானையால் மூடிவிடுவோம். ஓர் அரிக்கன் லாம்பை மட்டும் திரி குறைத்து, மணலில் குழி தோண்டி இறக்கி வைப்போம். வாய் இருக்கும் திசையைக் காட்ட அந்த மங்கல் போதும்.

ஐம்பத்து நான்காம் வருஷம், பருவம் முடிய நாலைந்து நாள்தான் இருந்தது. வாடைக் காற்று முந்திக்கொண்டது. அன்று பின்னேரம் கடலுக்குப் போன தோணியில் இரண்டு பேர். சுக்கானில் என் தங்கை றம்லாவின் புருஷன் மீராசா. வலைக்குக் காரைதீவுத் தம்பிமுத்து. மீராசாவுக்குக் கலியாணம் முடிந்து எட்டு மாசம். "இந்த முறை அவரக் கூட்டிப் போகாதீங்க காக்கா" என்று றம்லா சொல்லச் சொல்லக் கூட்டி வந்தவன் நான்.

இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு கடல் இரைய ஆரம்பித்தது. வர வேண்டிய நேரம் கடந்தும் தோணியைக் காணவில்லை. பக்கத்து வாடியில் கருவாடு வாங்க வந்து தங்கியிருந்த ஸலாஹுதீன் பெற்றோமாக்ஸைக் கொளுத்தி வைத்துக்கொண்டு சிப்பம் கட்டிக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விளக்க நூரு," என்றேன்.

"இந்தக் கட்டு முடியட்டும் காக்கா. அவங்க இன்னும் வரல்லதானே."

"ஒனக்குச் சொல்லிட்டா வருவாங்க? அவங்கட உசிர விட ஒன்ட கருவாடு பெரிசா?"

அவன் முகம் சுருங்கியது. விளக்கை அணைத்துவிட்டான். நான் அதோடு விடவில்லை. எல்லாருக்கும் கேட்க இன்னும் நாலு வார்த்தை ஏசினேன்.

பிறகு ஒரே இருட்டு. அலை பாறையில் மோதும் அதிர்வு மணல் வழியாக உள்ளங்காலுக்கு வந்தது. பத்துப் பேர் கரையில் நின்றோம். காற்று ஏறிக்கொண்டே இருந்தது. றம்லாவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

"அந்தா, கறுப்பா ஒண்டு வருகுது," என்று ஸலாஹுதீன் மெல்லச் சொன்னான்.

ஏதோ தெரிந்தது. மிதந்து வரும் மரமாகவும் இருக்கலாம். ஆளில்லாத தோணியாகவும் இருக்கலாம். அது வாய்க்கு நேரே வந்து, அலைக்குள் தாழ்ந்து, காணாமல் போனது. மறுபடி எழுந்தபோது அதில் யாராவது நிற்கிறார்களா என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியவில்லை. என் இடுப்பில், கல்முனையில் வாங்கிய ஐந்து பற்றரி டோச் இருந்தது. வாடியில் டோச் வைத்திருந்தவன் நான் மட்டும்தான். ஆள் நிற்கிறானா என்று ஒரே ஒரு நொடி பார்த்தால் போதும் என்றிருந்தது. ஊரையெல்லாம் ஏசிய எனக்கு அந்த நேரம் ஒரு கட்டுப்பாடும் ஞாபகத்துக்கு வரவில்லை. பொத்தானை அழுத்தினேன்.

மீராசா நின்றான். நனைந்த சட்டை, தலையில் கட்டிய துண்டு, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று என் வாய் சொன்னது. அப்போதே அவனுடைய கை சுக்கானை விட்டு மேலே எழுந்தது. கண் கூசி மறைக்கிறான் என்று நினைத்து டோச்சை நூர்த்தேன்.

தோணி பாறையில் மோதி உடையும் சத்தம் கேட்டது.

தம்பிமுத்துவை அலை கரையில் கொண்டுவந்து போட்டது. மீராசாவை விடிந்து, சுபஹுத் தொழுகைக்குப் பிறகுதான் பாறை இடுக்கிலிருந்து எடுத்தோம். ஸலாஹுதீன் தன் சால்வையால் மையித்தை மூடினான். என் பக்கம் திரும்பவில்லை. அவன் என்னைப் பிடித்து ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தம்பிமுத்து சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"கண்ணு கூசித்தானே அவர் கைய எடுத்த?"

அவன் இல்லையென்று தலையசைத்தான்.

"டோச்சக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு வந்திற்று காக்கா. 'எங்கட மச்சான்தான், பயந்து போய்ட்டாரு' எண்டாரு. பயப்பட வேணாமெண்டு உங்களுக்குத்தான் கையக் காட்டினவரு."