பொருந்தவில்லை

"பொருந்தலைம்மா" என்று என் கணவரின் அண்ணன் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்தில், கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். ஆஸ்பத்திரி வராந்தாவாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். உள்ளே என் கணவர் டயாலிசிஸ் படுக்கையில் கிடக்கிறார். இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. கூடப் பிறந்தவர் என்று இருப்பது இந்த ஒரே அண்ணன்தான்; சிறுநீரகம் கொடுக்க முடியுமா என்று முதலில் அவரைத்தான் சோதித்தார்கள்.

அண்ணன் பொருளாதாரப் பேராசிரியர். ஒருவனுக்குத் தெரிந்தது இன்னொருவனுக்குத் தெரியாதபோது மனிதர்கள் எப்படிக் காய் நகர்த்துவார்கள் என்பதையே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்து பேர் வாங்கியவர். பழைய கார் விற்கிறவன், காப்பீடு எடுக்கிறவன், வேலை கேட்டு வருகிறவன், ஒருத்தரையும் விடமாட்டார், தோலை உரித்துவிடுவார். போன வருடம், தம்பிக்கு இந்த நோய் வருவதற்கு முன்னால், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா மனுஷன்? "கிட்னி குடுக்க மனசில்லாதவங்களுக்கு டாக்டருங்க ஒரு வழி வச்சிருக்காங்க. தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்க. வேணாம்னு சொன்னா, வெளிய வந்து பொருந்தலைன்னு சொல்லிடுவாங்க. குடும்பம் உடையாது பாரு! பொய்யும் உண்மையும் ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டு வரும், எவனாலயும் பிரிச்சுப் பாக்க முடியாது." தானே ரசித்துச் சிரித்தார். நாங்களும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தோம்.

"நிஜமாவே பொருந்தலையா அத்தான், இல்ல..."

"என்னத்தைச் சொல்ல? ஆமான்னாலும் நீ நம்பப்போறதில்ல."

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க! ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தீங்களே, சொந்தத் தம்பி நம்புற மாதிரி ஒரு வார்த்தை பேசத் தெரியலையே உங்களுக்கு!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. குற்ற உணர்ச்சியா, துக்கமா? இருபது வருடம் பழகிய முகம், எனக்குத் தெரியவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். நிஜமாகவே பொருந்தாமல் போயிருந்தால் இந்த மனுஷனைவிடப் பாவம் யாருமில்லை என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காக என் மேலேயே கோபம் வந்தது.

நர்ஸ் என்னைக் கூப்பிட்டாள். அடுத்து என் முறை. டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு மனசு இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. பொருந்தலைன்னு மட்டும்தான் வெளிய சொல்வேன். காரணம் யாருக்கும் தெரியாது."

அவர் குரலில் அத்தனை கனிவு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருட்டென்று எழுந்து கதவை அகலத் திறந்தேன்.

"இப்பக் கேளுங்க டாக்டர். எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமாக் கேளுங்க."

வராந்தாவில் பேராசிரியர் எழுந்து நின்றார். அப்போதுதான் என் கணவரைச் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவந்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

டாக்டர் தயங்கித் தயங்கி, கொடுக்கச் சம்மதமா என்று கேட்டுவிட்டார்.

சரி என்று சொல்லத்தான் கதவைத் திறந்தேன். சத்தியமாக. ஆனால் வாயைத் திறப்பதற்குள் என்னை அறியாமல் என் கை இடுப்புக்குப் பின்னால் போய், சிறுநீரகம் இருக்கிற இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.