அவள் கேட்காத ஒரே கதை

முப்பது வருஷமாக அவர் எழுதிய பத்திக்குப் பேர் 'சொல் வந்த வழி'. நாம் தினமும் வாயில் போட்டு மெல்லுகிற இங்கிலீஷ் சொலவடைகள் எங்கே பிறந்தன என்று தோண்டித் துருவி, வாரம் ஒன்றாக நாளிதழில் எழுதுவார். ஆபீஸில் அவருக்குச் சொல்வழிக்காரர் என்றே பேர். அவர் மனைவிக்கோ இங்கிலீஷில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. ஆனால் முதலில் கேட்பவள் அவள்தான். ஞாயிறு காலை அவள் காய் நறுக்க உட்கார்ந்தால், எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எழுதியதை வாசிப்பார். அவள் 'ம்' கொட்ட வேண்டும். கொட்ட மறந்தால் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார், பாவி மனுஷர்.

ஒருநாள் அவள் கேட்டாள். "ஏங்க, பூனையும் நாயுமா மழை கொட்டுதுன்னு சொல்றாங்களே, அதுக்குக்கூட கதை இருக்காமே? கூரையில தூங்கின நாயும் பூனையும் மழையில வழுக்கி விழுந்ததாம்."

"நாய்க்குக் கூரை மேல என்னடி வேலை? எவனோ கட்டிவிட்டது. ஒரு கதை கேக்க ரொம்ப நல்லா இருந்தா, முதல்ல அதைச் சந்தேகப்படு" என்றார்.

நாலு மாசம் முன்பு அவர் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. தண்ணீர் என்று சொல்ல வராது, அவள் பேரைச் சொல்ல வராது. ஆனால் திடீர் திடீரென்று ஒரு முழு இங்கிலீஷ் சொலவடை, அட்சரம் பிசகாமல் வரும். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் பொறுமையாகத்தான் சொன்னாள்: "நாக்குக்குப் பழகினது தானா வருதும்மா. அவர் அர்த்தம் வெச்சுச் சொல்றார்னு நினைச்சுக்காதீங்க."

அவள் கேட்கவில்லை. முப்பது வருஷம் 'ம்' கொட்டியவள் அவளா, இந்தப் பெண்ணா?

அவர் "அண்டர் த வெதர்" என்று முனகினார். உடம்பு சரியில்லை என்கிறார் என்றான் மகன். "அது தெரிஞ்சதுதானே, அதை எதுக்குச் சொல்லப்போறார்?" என்றாள் அவள். சீக்குப் பிடித்த கப்பல்காரனைக் காற்றும் சாரலும் படாமல் கீழ்த்தட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைப்பார்கள் என்று அவர் வாசித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தச் சொன்னாள். நகர்த்தியதும் அவர் நிம்மதியாகத் தூங்கினார். இன்னொரு நாள், மூக்குக் குழாயைப் பிடுங்குகிறார் என்று இடது கையைக் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். அவர் "ஹேண்ட்ஸ் டவுன்" என்றார். ஜெயிப்பது நிச்சயம் என்று தெரிந்துவிட்டால், குதிரை ஓட்டுகிறவன் கையைத் தாழ்த்திக் கடிவாளத்தைத் தளர்த்திவிடுவானாம். "கட்டைத் தளர்த்துங்க, பிடுங்க மாட்டார்" என்று நர்ஸிடம் சொன்னாள். தளர்த்தினார்கள். அவர் பிடுங்கவில்லை, அவள் விரலைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அவளைக் கேட்கவா வேண்டும்? நர்ஸ், டாக்டர், பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வருகிறவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னாள்: "அகராதியில தேடாதீங்க. அவர் பேசறது கதையில இருக்கு. ஒரு கதை விடாம நான் கேட்டிருக்கேன்."

மூன்றாம் முறையாக ரத்தம் கட்டியது. டாக்டர் அவளையும் மகனையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னார். "ஏற்கெனவே ரெண்டு தடவை மண்டையைத் திறந்தாச்சு. மறுபடியும் திறக்கலாம், ஆனா எழுந்து உட்காருவார்னு என்னால சொல்ல முடியாது. வேண்டாம்னா வலி தெரியாம பாத்துக்குவோம், சில நாள்தான். நாளைக்குக் காலைல சொல்லுங்க."

"நான் என்ன சொல்றது? அவரே சொல்லுவார்" என்றாள்.

அன்று சாயங்காலம் முழுக்கக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். துண்டை நனைத்து நெற்றியைத் துடைத்தாள், உதட்டை ஈரம் பண்ணினாள். "என்னங்க, செய்யட்டுமா, வேண்டாமா?" என்று காதோரம் கேட்டாள். அவர் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "த்ரோ இன் த டவல்."

இரண்டாவது முறையும் சொன்னார். அவள் கையிலிருந்த துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கட்டில் காலடியில் நின்றிருந்த மகன் கிட்டே வந்தான். "தோல்வியை ஒத்துக்கிறதுன்னு அர்த்தம்மா. அப்பா மனசு விட்டுட்டார்."

"அகராதி அர்த்தத்தை என்கிட்டச் சொல்லாதேடா."

"சரி, இதுக்கு என்ன கதை?"

அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். தெரியாது. முப்பது வருஷத்தில் அவள் கேட்காத கதை ஒன்றே ஒன்றுதான், அதுதான் இது. இரண்டு வருஷம் முன்பு அவளுக்குக் கண் ஆபரேஷன். கூட வருகிறேன் என்றவர், நூலகத்தில் ஏதோ பழைய புத்தகத்தில் முழுகி மறந்தே போனார். "என் கண்ணைவிட உங்களுக்கு எவனோ சொன்ன சொலவடை பெருசாப் போச்சு" என்று அந்த ஞாயிறு சமையலறைக் கதவை அறைந்து சாத்தினாள். அவரும் லேசுப்பட்ட ஆளா? கதவுக்கு வெளியே நின்றபடியே வாசித்தார். தலைப்பு மட்டும் காதில் விழுந்தது. மீதி விழக்கூடாது என்று, உள்ளே ஒன்றும் போடாமலே மிக்ஸியை ஓடவிட்டாள்.

"இது மட்டும் தெரியாதுடா, உன் போன்ல பாரு" என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிஷ வேலை. ஆனால் ஒரு கதை விடாமல் கேட்டவள் என்று ஆஸ்பத்திரி முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்றே, நாக்கு வளையுமா? தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே அவள் வாயால் கெட்டது அவர்.

"ஒருத்தன் ஆத்துல முழுகிட்டு இருந்தானாம்" என்று ஆரம்பித்தாள். "கரையில இருந்தவங்க கிட்ட கயிறு இல்ல. குளிக்க வந்த ஒருத்தி தோள்ல கிடந்த துண்டைத் தூக்கி வீசினாளாம். அவன் அதைப் பிடிச்சுக் கரையேறிட்டான். துண்டை வீசு, என்னைப் பிடிச்சு இழுன்னு கேக்கறார்டா உங்கப்பா."

மகன் உடைந்து அழுதான். கதை அத்தனை நன்றாக இருந்தது. சொல்லி முடிப்பதற்குள் அவளே அதை நம்பிவிட்டாள். அவர் போகக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. அவர் கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. அதையும் அந்தத் துண்டாலேயே துடைத்துவிட்டு, காலையில் எழுந்துபோய்க் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு பதினொரு நாள் இருந்தார். இருந்தார் என்றா சொல்வது? தொண்டையில் ஒரு குழாய், தலையில் ஒரு குழாய். குழாயில் சளி உறிஞ்சும்போதெல்லாம் அந்த உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஒரு சொல் வரவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்தாள், ஒரு முனகல்கூட இல்லை. பன்னிரண்டாம் நாள் விடிகாலையில் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மகன் அந்தத் துண்டுக் கதையைச் சொன்னான். "அப்பா காப்பாத்தச் சொன்னார், நாங்க முடிஞ்சவரைக்கும் பார்த்தோம்." அதுதான் அவனை நிமிர்த்தி வைத்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஆபீஸிலிருந்து பேசினார்கள். அவர் நினைவாகப் பழைய பத்தி ஒன்றைத் திரும்பப் போடுகிறார்களாம், அம்மாவுக்குப் பிடித்ததை எடுத்துக் கொடுக்கட்டும் என்றார்கள். மத்தியானம் மகன் கூடத்தில் இருக்க, அவள் அவர் அறையில் தனியாக உட்கார்ந்து கோப்பைப் பிரித்தாள். குதிரைக்காரன் வந்தான், கப்பல்காரன் வந்தான். ஒவ்வொன்றுக்கும் அவளை அறியாமல் 'ம்' கொட்டினாள். நடுவில் அந்தத் தலைப்பு இருந்தது. 'த்ரோ இன் த டவல்: துண்டை வீசுதல்'.

'குத்துச்சண்டை மேடையிலிருந்து வந்த சொல் இது' என்று எழுதியிருந்தார். 'முதலில் வீசியது முகம் துடைக்கிற கடற்பஞ்சு, பிறகு துண்டு. தோல்வி என்று அர்த்தம் சொல்கிறோம். ஆனால் துண்டை வீசுவது அடி வாங்குகிறவன் அல்ல. அவன் வாயால் போதும் என்று வராது. மூலையில் ஒரு ஆள் துண்டோடு நிற்பார். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் முகம் துடைத்து, தண்ணீர் கொடுத்து அனுப்புகிற ஆள். இவன் இனி தாங்கமாட்டான் என்று அந்த ஆளுக்குத்தான் தெரியும். துண்டை மேடையில் எறிந்தால் அடி நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் அது தோல்வி. என்னைக் கேட்டால் அன்பு என்பேன்.'

கீழே பேனாவால் ஒரு வரி, அச்சுக்குப் போகாதது: 'இதை மட்டும் அவள் கேட்கவில்லை. கோபம் ஆறியதும் வாசித்துக் காட்ட வேண்டும்.'

ஐயோ, அவள் கையில்தானே இருந்தது. சாயங்காலம் முழுக்க அவள் கையில்தானே இருந்தது அந்தத் துண்டு. அதைப் பார்த்துப் பார்த்துத்தானே கேட்டார்.

ஆஸ்பத்திரிப் பை இன்னும் பிரிக்காமல் மூலையில் கிடந்தது. துண்டை வெளியே எடுத்தாள். வெறும் கட்டிலைப் பார்த்து நின்றாள். "போதும், விட்டுடுங்க அவரை" என்று வாய்விட்டுச் சொல்லி எறிந்தாள். அது கட்டில் வரைக்கும்கூடப் போகவில்லை.

சத்தம் கேட்டு மகன் வந்தான். "என்னம்மா? எதை எடுத்துக் கொடுக்கப்போறே? அந்தத் துண்டுக் கதை இருந்தா அதையே போடச் சொல்லலாமே."

கோப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "அது இதுல இல்லடா. அதை அவர் எழுதவே இல்லை."

அவன் குனிந்து துண்டை எடுக்கப் போனான்.

"எடுக்காதே. அங்கேயே கிடக்கட்டும்" என்றாள்.