தலையணைக்கு வந்த கூடுதல் கட்டணம்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

என் புத்தகம் அச்சாகி, எனக்குச் சேர வேண்டிய பிரதிகளைப் பதிப்பாளர் கூரியரில் அனுப்பியிருந்தார். பெட்டியோடு வாசலில் நின்றவர், கொடுக்குமுன் ஒரு தொகை கேட்டார். அனுப்பும்போதே கட்டியாயிற்றே என்றேன். அது வேறு, இது வேறு என்றார். என்ன வேறு என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். என் புத்தகத்தை நானே சுண்டைக்காய் என்கிறேனே என்று வருத்தப்படாதீர்கள், விற்பனை அப்படித்தான்.

ஆபீசுக்கே போய் ஒரு கை பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். அவளுக்கும் அதே வழக்கு. அவள் பேசியதில் ஓரிரண்டு வாக்கியங்கள்தான் சரியாக என் காதில் விழுந்தன. மற்றதெல்லாம் நான் சேர்த்தது. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்த பிறகு எது கேட்டது, எது சேர்த்தது என்று எனக்கே பிடிபடவில்லை. நீங்களும் பிரித்துப் பார்க்க மெனக்கெட வேண்டாம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘கடைக் கதவைத் திறந்ததும் பஞ்சு மேகம்போல’

வேண்டாம். பஞ்சைக் கண்டவுடன் மேகம் என்று எழுதுகிற கைக்கு ஒரு அடி கொடுக்க வேண்டும்.

பிறகு இப்படி:

‘கூரியர் நிறுவனங்கள் வாடிக்கையாளரிடம் முன்னறிவிப்பின்றி வசூலிக்கும் கட்டணம் குறித்து’

இது நாளிதழுக்கு எழுதும் புகார். என் எரிச்சல் இன்னும் தணியவில்லை என்பது தெரிகிறது.

2 (மறுபடியும்)

அவளுக்குத் தொழில் மெத்தை தைப்பது. தெருவில் எல்லோருக்கும் மெத்தைக்கார அக்கா. கடை ஒரே அறை. சுவரோடு துணிச் சுருள்கள், நடுவில் தையல் மெஷின், மூலையில் ஆள் உயரத்துக்குப் பஞ்சு. ஒருவர் உள்ளே வந்து பேசத் தொடங்குமுன் அவள் கண் அவர் கழுத்துக்குப் போய்விடும். மல்லாந்து படுப்பவரா, ஒருக்களித்துப் படுப்பவரா என்று கேட்காமலே சொல்லிவிடுவாள். பாதி நாள் தப்பாகவும் சொல்வாள். ஆனால் தப்பென்று ஒப்புக்கொள்ள மாட்டாள், நீங்கள்தான் தப்பாகப் படுக்கிறீர்கள் என்பாள்.

அவளுக்கு ஒரு தங்கை, வேறு ஊரில். இருவருக்கும் சில வருடங்களாகப் பேச்சில்லை.

(ஏன் பேச்சில்லை? முதல் பிரதியில் நிலத் தகராறு என்று எழுதினேன். படித்துப் பார்த்த என் மனைவி, “உங்க கதையில யார் சண்டை போட்டாலும் ஒரு நிலம் வந்துடுதே. நமக்குத்தான் ஒரு சென்ட்டும் இல்ல” என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

நடந்தது இதுதான். தங்கைக்கு முதல் பிரசவம். அம்மா இல்லாத வீடு, அக்காதான் வந்து கூட இருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு விடுதியிலிருந்து மொத்தமாக மெத்தை ஆர்டர். இதோ முடிந்துவிடும், அதோ முடிந்துவிடும் என்று அக்கா நாளைக் கடத்தினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது குழந்தை தலை நிமிர்த்திச் சிரிக்கத் தொடங்கியிருந்தது. தங்கை சத்தமெல்லாம் போடவில்லை. “உனக்கு மனுஷங்களைவிட பஞ்சுதான் பெருசுக்கா” என்றாள். அதோடு சரி.

அதற்குப் பிறகு போன் செய்தால் எடுப்பதில்லை. இந்த விவரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், போன் போட்டுக் கேட்டால் முடிகிற விஷயத்துக்கு எதற்கு ஒரு கதை என்று நீங்கள் கேட்பீர்கள்.

3

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா? தங்கைக்குக் கழுத்துவலி, திரும்பிப் படுக்க முடியவில்லை என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னதிலிருந்து அக்காவுக்கு வேலை ஓடவில்லை. சிறுவயதில் ஒரே பாயில் படுத்தவர்கள். தங்கை எந்தப் பக்கம் ஒருக்களிப்பாள், கையை எங்கே மடித்து வைப்பாள் என்பது இவளுக்குத் தெரியும். இருக்கிற பஞ்சில் நல்லதாகப் பார்த்துப் பிரித்து, விதையும் தூசியும் போகப் பொறுக்கி, ஒரு தலையணை தைத்தாள். தானே தலை வைத்துப் பார்த்தாள். தையலைப் பிரித்துக் கொஞ்சம் பஞ்சை எடுத்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். இரண்டு கைப்பிடி சேர்த்தாள்.

அனுப்பும்போதுதான் தப்பு செய்தாள். வேறு யாராக இருந்தாலும் தலையணையைச் சுருட்டி, கயிறு போட்டு இறுக்கி, பைக்குள் திணித்து அனுப்பியிருப்பார்கள். மெத்தைக்காரிக்கு அது ஆகாது. இறுக்கிக் கட்டினால் பஞ்சு கட்டிதட்டிவிடும், அப்புறம் எவ்வளவு தட்டினாலும் பழைய மெத்து வராது என்பது அவள் தொழிலின் முதல் பாடம். ஆகவே பக்கத்து வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியை வாங்கி, அதன் நடுவில் தலையணையை நோகாமல் வைத்து, நாலு பக்கமும் காற்றோட்டம் விட்டு ஒட்டினாள்.

தெருமுனை ஏஜென்ட் எடை போட்டார். பஞ்சுக்கு என்ன எடை? சிரித்துக்கொண்டே சொற்பக் காசு வாங்கினார். கிடங்கில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. நீளம், அகலம், உயரம் அளந்து பெருக்கி, பெட்டி அடைக்கிற இடத்துக்கு ஒரு எடை போட்டார்கள். மீதித் தொகையைத் தங்கையின் வாசலில் போய்க் கேட்டார்கள்.

தங்கை வேண்டாம் என்றுவிட்டாள். பெட்டி திரும்பி வந்தது. போனதற்கும் சேர்த்து, வந்ததற்கும் சேர்த்து, கட்டணம் இப்போது அக்காவின் தலையில்.

4

இதுவரை எழுதியதை மனைவியிடம் காட்டினேன். மெதுவாகப் படித்தாள்.

“ஏங்க, பஞ்சுதான் பெருசுன்னு சொன்னவளுக்கு யாராவது பஞ்சையே அனுப்புவாங்களா?”

நான் அதை யோசிக்கவே இல்லை. கதாசிரியருக்கு இது வெட்கக்கேடு. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடத் தெரிந்தவனுக்கு, பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டை முடிச்சுப் போடத் தெரியவில்லை. பிரசவத்தின்போது அக்காவை வரவிடாத பஞ்சு, இப்போது பெட்டியில் வந்து நிற்கிறது. தங்கை எதை வேண்டாமென்றாள்?

அடித்து மாற்றலாமா என்று பார்த்தேன். தலையணைக்குப் பதில் வேறு ஏதாவது அனுப்பச் சொல்லலாம். ஆனால் மெத்தைக்காரிக்கு வேறு என்ன தெரியும்? மன்னிப்புக் கேட்கவும் அவளிடம் பஞ்சுதான் இருக்கிறது.

அப்படியே விட்டுவிட்டேன்.

5

கவுன்டருக்கு வருவோம். அங்கே உட்கார்ந்திருந்தவர் பொறுமைசாலி. அனுப்பும்போதே எடை போட்டுக் காசு வாங்கிவிட்டு, வேறொருத்தி வீட்டு வாசலில் போய் எப்படிக் கேட்கலாம் என்று அக்கா நியாயம் கேட்டாள். அது எடைக்கு, இது அளவுக்கு என்று அவர் விளக்கினார்.

“பெட்டிக்குள்ள முக்கால்வாசி காத்துதான் தம்பி. காத்துக்குமா காசு?” இது நான் என் காதால் கேட்டது.

“வண்டியில காத்துக்கும் இடம் வேணுமேம்மா. அமுக்கிக் கட்டியிருந்தா ஒண்ணுமே வந்திருக்காது.”

“அமுக்கிட்டா அப்புறம் அது தலையணையே இல்ல.”

அவர் சொன்னதும் நியாயம், அவள் சொன்னதும் நியாயம். என்னுடைய வழக்கை மறந்துவிட்டு நான் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். நான் கொண்டுவந்த எரிச்சல் அந்த இடத்தில் போய்விட்டது.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க தம்பி. என் தங்கச்சி காசு கேக்கறதுக்கு முன்னாடியே வேண்டாம்னாளா, கேட்டப்புறம் வேண்டாம்னாளா?”

கவுன்டர்காரர் கணினியைப் பார்த்தார். பெறுபவர் மறுத்துவிட்டார் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை என்றார்.

அவளுடைய வழக்கு கட்டணத்தைப் பற்றியதே அல்ல என்பது அவருக்கு விளங்கியதோ என்னவோ, எனக்கு விளங்கியது. காசுக்காக மறுத்திருந்தால் பரவாயில்லை. கோபப்படலாம், சிரிக்கலாம், கஞ்சப் பிசினாரி என்று திட்டலாம். அனுப்பியவள் பேரைப் பார்த்ததுமே மறுத்திருந்தால்?

உள்ளே போய் மேலாளரிடம் பேசிவிட்டு வந்தவர், பதியும்போதே அளக்காதது ஏஜென்ட்டின் தவறு, மொத்தக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்துவிட்டோம் என்றார். வழக்கில் ஜெயித்துவிட்டாள். முகத்தில் அது தெரியவில்லை.

“திரும்ப அனுப்பினா அவங்க ஒண்ணும் தர வேண்டாம்மா. அனுப்பட்டுமா, எடுத்துட்டுப் போறீங்களா?”

கட்டணம் இருந்தவரை பழியைப் போட ஒன்று இருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள். அக்கா பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு

6

இங்கேதான் என் முறை வந்தது. பக்கத்துக் கவுன்டரில் கூப்பிட்டார்கள். போனேன். என்ன வாதாட வந்தேன் என்று நினைவில்லை, கேட்ட தொகையைக் கட்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவளும் இல்லை, பெட்டியும் இல்லை. அந்த அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று தெருவுக்கு, ஒன்று கிடங்குக்கு.

பெட்டியை அவள் வீட்டுக்குத் தூக்கிப் போவதாக ஒரு முடிவு எழுதினேன். கிழித்துவிட்டேன். யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு அந்தத் தலையணையை விற்றுவிடுவதாக இன்னொன்று. மனைவி அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தங்கை அழுதுகொண்டே வாங்கிக்கொள்வதாக எழுதினால் சந்தோஷப்படுவீர்கள், ஆனால் நம்ப மாட்டீர்கள். எனக்கும் அவளைத் தெரியாது. முதுகைக்கூடப் பார்த்ததில்லை.

ஆகவே என்னால் முடிந்ததை மட்டும் செய்கிறேன். பெட்டியைக் கிடங்குக் கதவு வழியாக அனுப்பிவிடுகிறேன். அக்கா, “அனுப்புங்க” என்றாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு பயமாக இருந்தது என்பதையும் சேர்த்து.

மற்றது உங்கள் கையில். வாசலில் மணி அடிக்கிறது. போய்த் திறக்கிறீர்கள். உங்களைவிட அகலமான ஒரு பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு ஒருவர் நிற்கிறார். அனுப்பியவர் பெயர் மேலேயே பெரிதாக எழுதியிருக்கிறது. உங்களுக்குக் கழுத்து வலிக்கிறது. இந்த முறை காசு எதுவும் தர வேண்டாம், வாங்கிக்கொண்டால் போதும் என்கிறார்.

என்ன சொல்கிறீர்கள்?