இரண்டு முறை அழுத்தக் கூடாது

கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும், போடாவிட்டால் போய்விடும். விஷயம் அவ்வளவுதான். தாளில் இருந்ததும் ஒரே வரிதான்: "ஆம்புலன்ஸை அனுப்பும் பொத்தானை அழுத்த, கவனக்குறைவால் நான் தவறிவிட்டேன்." அதற்கடியில் கோடு போட்டு இடம் விட்டிருந்தார்கள். பேனாவின் மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், எவ்வளவு பெரிய உபகாரம்!

அஞ்சாம் நாற்காலி அந்தப் பேனாவைத் தொடவில்லை.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நாற்காலி எண்தான். ஒன்பது வருடமாக அவள் அஞ்சாம் நாற்காலி. அழுகிற குரல், திட்டுகிற குரல், மூச்சுமட்டும் கேட்கிற குரல், எல்லாவற்றிலிருந்தும் தெருப் பெயரைப் பிடுங்கி எடுத்து வண்டி அனுப்பியவள். வீட்டில் கணவருக்குக் கோபம் வந்தால் அவரும் "சொல்லுங்க அஞ்சாம் நாற்காலி மேடம்" என்றுதான் ஆரம்பிப்பார்.

"ஒரு வரிதானேம்மா. எச்சரிக்கைக் கடிதத்தோட முடிஞ்சிடும். நான் பார்த்துக்கறேன்" என்றார் மேலாளர்.

"ஒரு வரிதான் சார். ஆனா அது பொய்யா இருக்கே."

"மெஷின்ல பதிவு இருக்கும்மா. பட்டனை அமுக்கவே இல்லைன்னு இருக்கு. மெஷின் பொய் சொல்லுமா?"

"அப்ப நான் சொல்றேனா?"

மேலாளர் கூரையைப் பார்த்தார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. எதற்கெடுத்தாலும் சுற்றறிக்கை விடுவார், அதுதான் வியாதி. கைகழுவும் இடத்தில் தண்ணீர் சிந்தினால் சுற்றறிக்கை. நாற்காலி கிறீச்சிட்டால் சுற்றறிக்கை. அறைக்குள் அவருக்குச் சுற்றறிக்கை சார் என்றே பெயர். நாளைக் காலை விசாரணை, வெளியிலிருந்து ஒரு டாக்டரம்மா வருகிறார், அதற்குள் முடிவு செய் என்று சொல்லி அனுப்பினார்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு முன்புவரை அங்கே பழைய திரை இருந்தது. பார்க்க அசிங்கம்தான். ஆனால் அனுப்பும் பொத்தானை அழுத்தினால், சுவரில் இருந்த பலகையில் அந்த வண்டி எண்ணுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும். அறைக் கோடியில் ஓட்டுநர்களோடு பேசுகிற ரேடியோ அண்ணன், "போச்சு!" என்று கத்துவார். விளக்கு எரியத் தாமதமானால் இவர்கள், "போச்சா?" என்று கத்துவார்கள். சட்டமாக யாரும் எழுதி வைக்கவில்லை, அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

பிறகு புதுத் திரை வந்தது. அடேங்கப்பா, என்ன அழகு! விளக்குப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். ரேடியோ அண்ணனைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். "அறையில் சத்தம் போடக் கூடாது" என்று ஒரு சுற்றறிக்கை. புதுத் திரையில் தெருப் பெயரைத் தட்ட ஆரம்பித்தாலே அதே மாதிரிப் பெயர்களின் பட்டியல் ஒன்று கீழே தொங்கும். அது தொங்கிக்கொண்டிருக்கும்போது அனுப்பும் பொத்தானை அழுத்தினால், பட்டியல் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். பொத்தான் நிறமும் மாறும். வண்டி மட்டும் போகாது.

இதை நாற்காலிகள் ஒரு வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டன. முதல் அழுத்து பட்டியலுக்கு, இரண்டாவது வண்டிக்கு. எல்லாரும் படபடவென்று இரண்டு தடவை அழுத்தப் பழகினார்கள். பட்டியல் தொங்காத சமயத்தில் இரண்டு தடவை அழுத்தினால் ஒரே வீட்டு வாசலில் இரண்டு ஆம்புலன்ஸ் போய் நிற்கும். மூன்று முறை அப்படி நின்றது. உடனே நாற்பத்தொன்றாவது சுற்றறிக்கை: "அனுப்பும் பொத்தானை இரண்டு முறை அழுத்தக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்." ஏன் இரண்டு முறை அழுத்துகிறீர்கள் என்று மட்டும் ஒரு ஜீவனும் கேட்கவில்லை.

மற்றவர்கள் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி இரண்டு தடவைதான் அழுத்தினார்கள். சொன்னபடி நடந்த பைத்தியக்காரி இவள் ஒருத்திதான். பட்டியல் தொங்குகிறதா என்று பார்த்து, தொங்கினால் மூடிவிட்டு, ஒரே ஒரு தடவை அழுத்துவாள். பத்தொன்பது நாள் அப்படியே ஓட்டினாள்.

இருபதாம் நாள் ஒரு பெண் கூப்பிட்டாள். அவளுடைய வீட்டுக்காரர் பெயின்டர், மூன்றாவது மாடி உயரத்தில் சாரம் சரிந்து விழுந்துவிட்டார். அவள் கத்தலில் தெருப் பெயர் பாதிதான் கேட்டது. மறுபடி கேட்டு முழுசாகத் தட்டி, வீட்டு எண்ணைக் கேட்டு, "அவரை அசைக்காதீங்க, தலையைத் தூக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே, பட்டியல் தொங்குகிறதா என்று அந்த ஒரு தடவை மட்டும் பார்க்காமல், அஞ்சாம் நாற்காலி பொத்தானை அழுத்தினாள். நிறம் மாறியது. அடுத்த அழைப்பு திரையில் வந்து நின்றது. அழுத்தியவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினாலு நிமிடம் கழித்து அதே பெண் மறுபடி கூப்பிட்டாள். "வண்டி எங்கம்மா?" என்றாள், கத்தாமல். அந்தக் குரலை இவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை. பெயின்டர் பிழைத்தார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பதினாலு நிமிடம் முன்னால் போயிருந்தால் கால் மிஞ்சியிருக்குமா என்று டாக்டர்களும் சொல்லவில்லை, இவளும் கேட்கத் துணியவில்லை. கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மேலாளர் கையெழுத்துக் கேட்ட அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தத் தாளைக் கணவர் முன்னால் வைத்தாள். அவர் லிஃப்ட் ரிப்பேர்காரர். கை கிரீஸைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"போட்டுத் தொலையேன். எச்சரிக்கைதானே? என்னையும் மாசத்துக்கு ரெண்டு தடவை எச்சரிக்கறானுங்க."

"நான் அமுக்கினேங்க."

"அமுக்கினேன்னு எனக்குத் தெரியும். அவனுங்களுக்கு யாரு சொல்றது?"

"நான் அமுக்கலைன்னு எழுதிக் குடுத்துட்டா என் வேலை அப்படியே இருக்கும். பட்டனும் அப்படியே இருக்கும். நாளைக்கு இன்னொருத்தர் விழுவார். அப்ப யார் காலை எடுப்பாங்க?"

அவர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அவள் விடவில்லை.

"ஏங்க, லிஃப்ட் பட்டனுக்குள்ள லைட் எதுக்கு?"

"அமுக்கினது உள்ளே போய்ச் சேர்ந்துடுச்சுன்னு தெரிய வேணாமா? லைட் எரியலைன்னா ஜனம் குத்திக் குத்தியே பட்டனை ஓட்டை போட்டுடும். போன வாரம்கூட ஒரு கட்டடத்துல..." அவர் பாதியில் நிறுத்தினார். "யாரும்மா இந்தத் திரையைச் செஞ்சது? அந்த ஆளை ஒரு நாள் உன் நாற்காலியில உட்கார வை."

"அதைத்தான் செய்யப் போறேன்" என்றாள் அவள்.

விசாரணை, பயிற்சி அறையில். டாக்டரம்மா கைப்பட எழுதிக்கொள்ளக் கட்டுக் காகிதத்தோடு வந்திருந்தார். ஒரு பக்கம் மேலாளர். இன்னொரு பக்கம் திரையைச் செய்த கம்பெனியிலிருந்து ஒருவர், இஸ்திரி கலையாத சட்டை. அந்த அறையில் நிஜத் திரையைப் போலவே ஒரு பயிற்சித் திரை உண்டு. அதில் அனுப்பினால் நிஜ வண்டி கிளம்பாது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உள்ள பயிற்சி ரேடியோ மேசைக்குப் போய்ச் சேரும். ரேடியோ அண்ணன் அங்கே உட்கார்ந்திருந்தார். காலையிலேயே அவரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"கையெழுத்துப் போடறேன் மேடம்" என்றாள் டாக்டரம்மாவிடம். "அதுக்கு முன்னால இந்த சார் ஒரே ஒரு வண்டி அனுப்பட்டும்."

திரைக்காரர் சிரித்தார். "நான் செஞ்ச திரைம்மா இது. கண்ணை மூடிக்கிட்டே அனுப்புவேன்."

"கண்ணைத் திறந்துகிட்டே அனுப்புங்க சார், போதும்."

"இதெல்லாம் விசாரணை நடைமுறையில இல்லையே" என்று மேலாளர் ஆரம்பித்தார். டாக்டரம்மா, "உட்காருங்க சார்" என்று திரைக்காரருக்கு நாற்காலியைக் காட்டினார். அவர் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டார்.

அஞ்சாம் நாற்காலி அறை மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று, பயிற்சி ஃபோனை எடுத்தாள். அந்தப் பெண்ணின் வார்த்தைகள் ஒன்றுவிடாமல் ஞாபகம் இருந்தன.

"ஐயா, என் வீட்டுக்காரர் விழுந்துட்டார்! சாரம் சரிஞ்சிடுச்சு! ரத்தமா வருது, சீக்கிரம் வாங்க!"

"எந்தத் தெரும்மா?" என்றார் திரைக்காரர்.

அவள் பாதியைச் சொல்லி மீதியை அழுகையில் விழுங்கினாள். நடிப்பதாகத்தான் நினைத்திருந்தாள். ஆனால் கண்ணீர் நிஜமாகவே கொட்டியது. "கால் திரும்பிக் கிடக்குங்க ஐயா! நான் தூக்கட்டுமா? தூக்கட்டுமா?"

"தூக்காதீங்கம்மா, தூக்காதீங்க! தெரு பேரைச் சொல்லுங்க!" அவர் நெற்றியில் வியர்வை. தப்பாகத் தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். தன் அலுவலகத்தில் நிதானமாக உட்கார்ந்து, பட்டியலிலிருந்து தெருவைத் தேர்ந்தெடுத்தே பழகியவர். இப்போது அதற்கு நேரம் இல்லை. முழுப் பெயரையும் அவரே தட்டினார். கீழே பட்டியல் தொங்கியது.

இந்த மனுஷன் அதைக் கவனித்து மூடிவிட்டால் தீர்ந்தது. ஒன்பது வருட வேலை, பெயர் எல்லாம் போச்சு. "வீட்டு நம்பர் என்னம்மா?" என்றார் அவர். அவள் சொன்னாள். அவர் பொத்தானை அழுத்தினார். நிறம் மாறியது.

"வண்டி வருதும்மா, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஹெட்ஃபோனைக் கழற்றிப் பெருமூச்சு விட்டார். "முடிஞ்சது. இதுல என்ன கஷ்டம்?"

அவள் மூலையிலிருந்து வந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். ஒரு நிமிடம் போனது. இரண்டு போனது. பேனா உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எதுக்கும்மா காத்திருக்கோம்?" என்றார் மேலாளர்.

"வண்டிக்கு சார்."

திரைக்காரர் மறுபடி சிரித்தார். "அது எப்பவோ போயிடுச்சே."

"போச்சா சார்?"

"போச்சு."

"எப்படித் தெரியும்?"

"பட்டன் நிறம் மாறிச்சே!"

அவள் எழுந்தாள். ஆறு மாதமாகத் தொண்டைக்குள்ளேயே கிடந்த கத்தல். கண்ணாடித் தடுப்பைப் பார்த்து, சுற்றறிக்கையாவது மண்ணாங்கட்டியாவது என்று, முழுக் குரலில் கத்தினாள்.

"அண்ணே! போச்சா?"

அந்தப் பக்கம் ரேடியோ அண்ணன் எழுந்து நின்று கையை விரித்தார். கண்ணாடியைத் தாண்டி அவர் குரல் வந்தது. "என்கிட்ட ஒண்ணுமே வரலையேம்மா!"

திரைக்காரர் திரும்பித் திரையைப் பார்த்தார். மூலையில், நகம் அளவுக்கு, "அனுப்பப்படாத அழைப்பு: ஒன்று" என்று இருந்தது. முகம் வெளிறிப் போனது. அவள் அந்தத் தாளை எடுத்து, பேனாவோடு, அவர் முன்னால் தள்ளினாள்.

"கையெழுத்துப் போடுங்க சார். கவனக்குறைவால் நான் அழுத்தத் தவறிவிட்டேன்னு இருக்கு. உங்க மெஷின்லயும் அப்படித்தான் பதிவாகியிருக்கும்."

"நான் அமுக்கினேன்ம்மா!" அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "நீங்க எல்லாரும் பார்த்தீங்களே, நான் அமுக்கினேனே!"

"நான் அமுக்கினப்ப யாரும் பார்க்கலை சார்."

டாக்டரம்மா எழுதினார். பிறகு தலை நிமிராமலே மேலாளரிடம் கேட்டார்: "ரெண்டு தடவை அமுக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை விட்டிருக்கீங்க. ஏன் ரெண்டு தடவை அமுக்கறாங்கன்னு கேட்டீங்களா?"

"அது வந்து மேடம், ஒழுங்குக்காக..." என்றார் சுற்றறிக்கை சார். பிறகு அவரே சமாதானத்துக்கு வந்தார். "சரிம்மா. கவனக்குறைவால்ங்கற வார்த்தையை எடுத்துடலாம். மீதிக்குக் கையெழுத்துப் போட்டுடு. எல்லாருக்கும் நல்லது."

இதற்குத்தான் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எல்லாருக்கும்னா யாருக்கு சார்? அந்தப் பெயின்டருக்கா?" பேனாவை இப்போதுதான் முதல் தடவையாகத் தொட்டாள். அந்த வரியை அடித்தாள். அதற்குக் கீழே எழுதினாள்: "அழுத்தினேன். போகவில்லை. போகவில்லை என்று எனக்குத் தெரிய வழி வைக்கவில்லை. இரண்டு தடவை அழுத்தாதே என்றார்கள், அழுத்தவில்லை. அதுதான் நான் செய்த தப்பு." கையெழுத்தைப் போட்டாள். தாளை டாக்டரம்மாவிடம் கொடுத்தாள்.

"முடிவு வர்ற வரைக்கும் நீ வேலைக்கு வரலாமான்னு நான் கேட்டுச் சொல்லணும்மா" என்றார் மேலாளர்.

"கேட்டுச் சொல்லுங்க சார். எனக்கு ஷிஃப்ட் ஆரம்பிச்சிடுச்சு."

கட்டுப்பாட்டு அறைக்குப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ரேடியோ அண்ணனும் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தார். ஹெட்ஃபோனை மாட்டிய மறுநொடியே ஒரு அழைப்பு. வயசானவர், நெஞ்சு வலி, கூட யாரும் இல்லை. தெருவைத் தட்டினாள். பட்டியல் தொங்கியது, மூடினாள், அழுத்தினாள். பேசும் முனையைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

"போச்சா?"

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வாசலில் மேலாளர் வந்து நின்றார். அந்தப் பக்கம் ரேடியோ அண்ணன் கண்ணாடித் தடுப்பின் கதவை அகலத் திறந்து, மூடாதபடி ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"போச்சு! நாலாம் வண்டி!"

மேலாளர் வாயைத் திறந்தார். அதற்குள் ரெண்டாம் நாற்காலி, "அண்ணே, என் வண்டி போச்சா?" என்று கத்தியது. பிறகு ஏழாம் நாற்காலி. அவர் வாயை மூடிக்கொண்டார். இவள் முனையிலிருந்து கையை எடுத்து, "வண்டி கிளம்பிடுச்சுங்க ஐயா" என்று பெரியவரிடம் சொன்னாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக, அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.