யாரோ மூட்டிய அடுப்பு

யாரோ அடுப்பு மூட்டிவிட்டார்கள். நான் இல்லை. நான் இன்னும் படுத்திருக்கிறேன்.

கண்ணைத் திறக்காமலே காளியாத்தாள் இதை நினைத்தாள். மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஈர விறகுப் புகை, அதற்குள் மிளகு வறுபடும் காரம். கை தானாகவே கூந்தலை அள்ளி முடியப் போனது. அதைப் பிடித்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

கல்யாணமாகி முள்ளுக்குறிச்சிக்கு வந்ததிலிருந்து அந்த வீட்டின் முதல் புகை அவளுடையது. மாதத்தில் விலகியிருக்கும் நாட்களில் மாமியார் மூட்டுவாள். அப்போதும் இவள் அதற்கு முன்பே எழுந்து கட்டுத்தரையில் சாணி அள்ளிக்கொண்டிருப்பாள். இன்னொருவர் மூட்டிய நெருப்பின் வாசனையில் படுத்துக் கிடப்பது எப்படியிருக்கும் என்று தெரியாமலே இருந்தது. இப்போது தெரிந்தது. எதையோ திருடிவிட்டதைப் போலக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஆடி மாதம். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கென்று புருஷன் மருதாசலத்தோடு மலையேறி வந்தவள். தேவனூர் நாட்டில் மழை பிடித்துக்கொண்டது. தங்க இடம் கேட்டபோது வழியில் எல்லாரும் தொரை பங்களாவைத்தான் காட்டினார்கள். காப்பித் தோட்டம் போட வந்த ஒரு வெள்ளைக்காரர் அந்தக் காலத்தில் கட்டிய ஓட்டு வீடு அது என்று ராத்திரி வீட்டுக்காரி பாவாயி சொன்னாள். சீமைக்குத் திரும்பும்போது வீட்டைத் தன் சமையல்காரருக்கே விட்டுப் போயிருந்தார் அவர். அந்தச் சமையல்காரரின் மருமகள்தான் பாவாயி. மலையேறி வருகிறவர்களுக்கு அவளும் அவள் புருஷன் சின்னுசாமியும் அறை விடுகிறார்கள். ராத்திரிப் படுக்கை, காலையில் காப்பி, சோறு, எல்லாம் ஒரே வாடகைக்குள்.

அறையில் பெரிய கட்டில் ஒன்று இருந்தது. "எவனெவன் படுத்ததோ" என்று மருதாசலம் கம்பளியைத் தரையில் விரித்துக்கொண்டார். மழை ஒழுகாத தரை அவர் ஒருவர் படுக்கத்தான் போதுமானதாக இருந்தது. அதனால் கட்டில் இவளுக்கு வந்தது.

இப்போது தரையில் கம்பளி மட்டும் கிடந்தது. அவர் ஓடைக்குப் போயிருக்க வேண்டும்.

கதவைத் தள்ளிக்கொண்டு பாவாயி வந்தாள். கையில் ஆவி பறக்கும் டம்ளர். காளியாத்தாள் பதறி எழுந்து உட்கார்ந்தாள்.

"படு கண்ணு, படு. படுக்கையிலயே குடுக்கறதுதான் இந்த ஊட்டு வழக்கம். தொரை பழக்குனது."

"இன்னும் பல்லே வெளக்கலீங்க அக்கா."

"தொரை மட்டும் வெளக்குனாரா? எங்க மாமனாரு மூக்கைத் திருப்பிக்கிட்டுத்தான் காப்பியை நீட்டுவாராம்."

காளியாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. வெல்லம் போட்ட காப்பி. டம்ளரின் சூடு விரல்களுக்குள் இறங்கியது. சட்டென்று வேறொன்று உறுத்தியது. நான் படுத்துக் கிடக்க இவள் இருட்டிலேயே எழுந்திருக்கிறாள். என் தூக்கத்தை இவள் தூக்கத்திலிருந்து எடுத்துத்தானே கொடுத்திருக்கிறார்கள்?

"நீங்க எப்ப எந்திரிச்சீங்க?"

"நானா? இப்பத்தான். நானும் காப்பி குடிச்சுட்டுத்தான் வாரேன்."

"அப்ப அடுப்பு?"

"அதெல்லாம் அவருதான். மாமனாரு மகனுக்குச் சொல்லிக் குடுத்தாரு. இந்த ஊட்ல அடுப்பு ஆம்பளை வேலை கண்ணு. நான் போனா அவருக்கு ஆகாது, உப்பைக் கூட்டிப்புடுவேன்னு வெரட்டிருவாரு."

பாவாயி போன பிறகு காளியாத்தாள் இறங்கிச் சமையலறை வாசல்வரை போய்ப் பார்த்தாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சின்னுசாமி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். சாமைச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. தும்மினார், கண்ணைத் துடைத்தார், மறுபடியும் ஊதினார். அவளைப் பார்த்ததும் வெட்கப்படவில்லை. "உக்காருங்க, இப்ப ஆயிரும்" என்றார். அவ்வளவுதான். மானம் போகவில்லை, கூரை இடியவில்லை. இத்தனை வருஷம் தன் உடம்போடு பிறந்தது என்று அவள் நினைத்திருந்த வேலை, இங்கே ஒரு துண்டைக் கட்டிக்கொண்ட மனிதரிடம் சாதாரணமாக இருந்தது.

கூடத்தில் பாவாயி இலை போட்டாள். காளியாத்தாள் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில்தான் மருதாசலம் ஈர வேட்டியும் தண்ணீர்ப் பானையுமாக உள்ளே வந்தார்.

"ஏம்புள்ள, இங்க உக்காந்துட்ட? வெளிய எரவாணத்துக்குக் கீழ, மழை படாம, மூணு கல்லு கூட்டி வெச்சிருக்கறேன். அரிசி மூட்டையை அவுத்து வை. நம்ம சோறு பொங்கித் தின்னுட்டுக் கெளம்பலாம்."

"இங்கயே சோறு இருக்குதுங்க."

"அவங்க அடுப்புச் சோறு நமக்கு எதுக்கு? அதுவும் ஒரு ஆம்பளை பொங்குனது. ஊட்ல பொம்பளை இருக்க இவன் கரண்டி புடிக்கறானாம், கூத்து!"

இலையைத் துடைத்துக்கொண்டிருந்த பாவாயி நிமிர்ந்தாள். "ஏனுங்க, நீங்க கும்புடப் போற சாமிக்கு மடப்பள்ளியில ஆருங்க பொங்கறது?"

உள்ளேயிருந்து சின்னுசாமி சிரிக்கும் சத்தம் கேட்டது. மருதாசலத்தின் காது சிவந்தது. குரலைத் தாழ்த்திக் காளியாத்தாளிடம் குனிந்தார்.

"இங்க தின்னீன்னா தீட்டுன்னு எங்கம்மா உன்னை அடுப்பங்கரைக்குள்ளயே விடமாட்டா. தெரியுமில்ல?"

தெரியும். அந்தக் கிழவி சொன்னால் செய்வாள். வாசலில் நிற்க வைத்துத் தண்ணீர் ஊற்றுவாள், ஊர் முழுக்க இவள் கதையைப் பேசுவாள். இந்த மிரட்டல் இவளை எத்தனையோ முறை எழுப்பி நிறுத்தியிருக்கிறது. இப்போதும் அது வந்து தொடும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அடுப்பங்கரைக்குள் விடமாட்டாளாமே, அப்படியென்றால் விடியற்காலையில் நான் எங்கே இருப்பேன் என்று மனசு ஆசையோடு கேட்டது.

அவளுக்கே திடுக்கென்றது. இப்படியொருத்தி தனக்குள் இருந்தாள் என்பது தெரியாமல் போயிற்றே. அவளை மறுபடியும் உள்ளே தள்ளிக் கதவடைக்க மனசில்லை.

பாவாயி சோற்றைப் பரிமாறினாள். மேலே மிளகுச் சாறு. ஆவி முகத்தில் அடித்தது.

"எந்திரி" என்றார் மருதாசலம். குரலில் கோபத்தைவிடக் கலவரம் அதிகம் இருந்தது. பானையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் சாய்த்து நின்றார். பசித்திருக்கும், பாவம்.

"பக்கத்துல எடம் இருக்குதுங்க, உக்காருங்க" என்றாள் அவள், மெதுவாக. "கல்லு கூட்டத் தெரிஞ்ச உங்களுக்குப் பத்த வெக்கவும் வருமுங்க. நான் இன்னைக்கு எந்திரிக்கலீங்க."