சந்தைக்கு அனுப்பப்பட்டவன்

மழைக்காலம் தொடங்கியபோது சிசெங்காவின் பிரிவைக் கலைத்துவிட்டார்கள். சுரங்க நகரமான கிட்வேயின் வரி அலுவலகத்தில் அவனும் இன்னும் மூன்று பேரும் செம்புச் சுரங்கத்தின் கணக்கை மட்டுமே பார்த்து வந்தார்கள். இங்கே தோண்டும் செம்பை, வெளிநாட்டிலிருக்கும் தன் சொந்தக் கிளைக்கே அடிமாட்டு விலைக்கு விற்றதாகக் கம்பெனி காட்டுகிறது, லாபமெல்லாம் அங்கே போய்த்தான் பிறக்கிறது என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்பியிருந்தார்கள். கிடைத்தது, கம்பெனிக்கு இன்னொரு வரிச்சலுகை. தராவிட்டால் சுரங்கத்தை மூடுவோம் என்று மிரட்டினார்களாம். அரசாங்கத்தின் கழுத்தில் வெளிநாட்டுக் கடன் வேறு. வரவில் விழுந்த துண்டை எங்காவது ஈடுகட்ட வேண்டுமே. நான்கு பேரையும் சந்தை வியாபாரிகளிடம் தினவரி வசூலிக்க அனுப்பினார்கள்.

அந்தச் சந்தையில்தான் அவன் அக்கா முவிலா கருவாடு விற்றாள்.

முதல் நாள் அவள் இருந்த வரிசையைத் தவிர்த்து நடந்தான். அவளே கூப்பிட்டாள்.

"ஏன்டா, எங்களைப் பார்த்தா வியாபாரம் பண்றவங்களாத் தெரியலியா? வா, எனக்கும் ஒரு சீட்டுக் கிழி."

பக்கத்தில் தக்காளி விற்றவள் சிரித்தாள். "உன் தம்பி சுரங்கத்துக்காரன் கழுத்தைப் பிடிக்கப் போறான்னியே முவிலா. கடைசியில கருவாட்டுக் கழுத்துதானா?"

"கருவாடு திருப்பிக் கடிக்காதுல்ல" என்றாள் முவிலா.

சிசெங்காவுக்குக் காது சுட்டது.

"மேலிடத்து உத்தரவு, அக்கா."

"தெரியும்டா. சாப்பிட்டியா?"

குளிர்காலத்தில் அவள் கணவன் கபாசோவுக்கு மூச்சு முட்டியது. பாதி ஆயுளைச் சுரங்கத்துக்குள் கழித்தவன், நெஞ்சு முழுக்கத் தூசி. அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றுதான் இருந்தது. அது ஒரு குழந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் பணத்தைக் குறைச்சுட்டாங்கய்யா" என்றாள் நர்ஸ். "நான் யாருகிட்டேயிருந்து பிடுங்கட்டும்?"

சிசெங்கா சுரங்கத்தின் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். வாசலிலேயே காவலாளி மறித்தான். வேலையை விட்டு நின்றவர்களுக்கு அனுமதி இல்லை.

"என் மாமனாரையே திருப்பி அனுப்பினேன் அண்ணே. இங்கேயே நின்னு எதுக்கு நேரத்தைப் போக்குறீங்க?"

அவன் திரும்பி வருவதற்குள் கபாசோவின் மூச்சு அடங்கியிருந்தது.

துக்க வீட்டில் பெண்கள் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் வெளியே நெருப்பைச் சுற்றி இருந்தார்கள். முவிலா வெளியே வந்து தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது குரல் கட்டியிருந்தது.

"உன் மச்சான் தோண்டின செம்பெல்லாம் இப்ப எந்த ஊர்லடா இருக்கும்?"

"தெரியலக்கா. ரொம்பத் தூரத்துல."

"அந்த ஊரு ஆஸ்பத்திரியில காத்துக்குப் பஞ்சம் இருக்காது, இல்ல?"

அவன் நெருப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினான். அவள் அவன் தோளில் சாய்ந்து நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிசெங்கா வேறு வேலை கேட்டு மேலதிகாரியிடம் போய் நின்றான். இல்லை என்றார்.

சடங்கெல்லாம் முடிந்து முவிலா மறுபடி கடை போட்டாள். சிசெங்கா அவளிடம் கேட்காமலே சீட்டைக் கிழித்து, தன் பையிலிருந்து காசை எடுத்தான். அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"எனக்காக நீ கட்டாதே."

"அக்கா, சுரங்கத்துக்காரனுங்களே கட்டல."

"அதுக்காக? நான் கட்டினவளாவே இருந்துட்டுப் போறேன்."

இடுப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்துக் கசங்கிய க்வாச்சா நோட்டை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். வாங்காமல் இருக்க அவனுக்கு வழி தெரியவில்லை.